வாக்குப் போடுவதா, சும்மா இருப்பதா: முடிவெடுக்க முன் பார்க்க வேண்டியவை

கொழும்பில் கடைகளில் நிற்கும் நம் பொடியன்கள் ஒவ்வொரு தேர்தலுக்கும் கேட்பதுதான்: அட்டன் வரைக்கும் பஸ்ஸில் நசுங்கி வந்து யாருக்குப் போடுவது, எல்லாரும் ஒன்றுதானே? நியாயமான கேள்வி. "தாத்தாவுக்கு வாக்கு இல்லை, அதனால் நீ போட்டே ஆகணும்" என்று மட்டும் பதில் சொல்லாதீர்கள். 1948இல் நம் மலையகத் தோட்டத் தமிழருக்குக் குடியுரிமை போனது, அடுத்த வருடம் வாக்கும் போனது, 2003 குடியுரிமைச் சட்டம் வரை அந்தப் பிரச்சினை இழுபட்டது, எல்லாம் உண்மைதான். ஆனால் கையில் இருக்கிற உரிமையை வேண்டாமென்று வைப்பதும் அவனவன் விருப்பம், பறிகொடுத்ததும் அதுவும் ஒன்றல்ல.

முதலில் உங்கள் காரணம் எது என்று பாருங்கள். லீவு கிடைக்கவில்லை என்றால் அது கொள்கை இல்லை, வெறும் தடங்கல். வாக்களிக்கச் சம்பளத்தோடு லீவு தருவது முதலாளியின் கடமை, எழுத்தில் கேளுங்கள். அடையாள அட்டை தொலைந்ததா, கடைசி நாள் வரை இருக்காமல் கிராம சேவகரிடம் போங்கள்.

எதிர்ப்பைக் காட்டத்தான் ஒதுங்குகிறீர்கள் என்றால், அது யார் காதில் விழும்? இந்தியாவில் 2013 முதல் 'எவருக்கும் இல்லை' என்று போடலாம், நம் சீட்டில் அது கிடையாது. ஜனாதிபதித் தேர்தலில் வெல்லப் பாதிக்கு மேல் வேண்டும் என்பது செல்லுபடியான வாக்குகளில் பாதி, ஆக நீங்கள் தோட்டத்து லய வீட்டில் படுத்திருந்தாலும் சீட்டைக் கிறுக்கிப் போட்டாலும் அந்தக் கணக்குக்கு ஒன்றுதான். கிறுக்கிய சீட்டை எண்ணி அறிவிப்பார்கள், சரி, ஆனால் பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி போடாமல் வேட்பாளரின் விருப்பு எண்ணில் மட்டும் போட்ட பாட்டியின் சீட்டும் அதே கணக்கில்தான் விழும், உங்கள் கோபம் எது, அவரது தவறு எது என்று யாருக்கும் தெரியாது. பிடித்தவர் வெல்லமாட்டார் என்பதுதான் குறை என்றால், ஜனாதிபதித் தேர்தலில் அவருக்கு 1 போட்டுவிட்டு, பரவாயில்லை என்பவருக்கு 2 போடுங்கள். 2024இல் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல், விருப்பு வாக்குகளைச் சேர்க்கும் இரண்டாவது எண்ணிக்கை வரைக்கும் போனதே!

ஒதுங்கினால் ஒன்றும் நடக்காது என்றும் நினைக்காதீர்கள். 2005 ஜனாதிபதித் தேர்தலில் புலிகள் சொன்ன புறக்கணிப்பால் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடப் போடவில்லை, நாடு முழுக்க வென்றவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் 2 இலட்சத்துக்கும் குறைவு. அது அந்த மக்கள் தாங்களாக எடுத்த முடிவும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் போடாவிட்டால் அது உங்களோடு நிற்கட்டும், வீட்டுக்காரியையோ அம்மாவையோ தடுக்காதீர்கள்.

தகரம் தந்தார்கள், போத்தல் தந்தார்கள், சாமி படத்தில் சத்தியம் வாங்கினார்கள் என்று தயங்குகிறவர்களும் நிறைய. என்னைக் கேட்டால் வாங்காமல் இருப்பதுதான் நல்லது, வாங்கிவிட்டாலும் அது கடன் இல்லை, மறைப்புக்குள் நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் போடாமல் இருக்கக் காசு வாங்கினால் அது ஒதுங்கல் இல்லை, வியாபாரம். வாங்கிவிட்டுப் போட்டால் விரலில் இருக்கும் மையைப் பார்த்தே உங்களைப் பிடித்துவிடுவார்கள் என்பது வேறு கதை.

சரி, யோசித்துப் பார்த்தும் போடுவதில்லை என்றே முடிவா? தேர்தலுக்கு முன்பே ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் காரணத்தை முகத்துக்கு நேரே சொல்லுங்கள். வாக்காளர் இடாப்பில் மட்டும் பெயரை விட்டுவிடாதீர்கள், அடுத்தது பிரதேச சபைத் தேர்தலாக இருக்கலாம். பிரதேச சபைச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு சபைக் காசில் தோட்டத்துக்குள்ளேயும் ரோடு போடலாம், ஒரு வட்டாரத்தில் நாலு லயத்து வாக்கே ஆளை மாற்றிவிடும்.