எஸ்எஃப்-86 படிவத்தில் பழைய குடியையும் கஞ்சாவையும் எப்படி எழுதுவது?

அமெரிக்காவில் ராணுவ ஒப்பந்த வேலை கிடைத்திருக்கிறது, செக்யூரிட்டி கிளியரன்ஸ் (அரசின் ரகசியத் தகவல்களைக் கையாளும் அனுமதி) வேண்டும் என்கிறார்கள். அதற்கு நிரப்ப வேண்டிய படிவம்தான் எஸ்எஃப்-86. கல்லூரியில் நாலு தடவை கஞ்சா இழுத்தது நினைவுக்கு வந்து வயிற்றைக் கலக்குகிறதா? பழைய பழக்கம் என்பதற்காக மட்டும் யாரையும் ஒதுக்கிவிடுவதில்லை. அதை மறைக்கப் போய் மாட்டிக்கொள்வதுதான் ஆபத்து.

முதல் படி: படிவத்தைத் திறக்காதீர்கள், வெள்ளைத் தாளை எடுங்கள். என்ன, எந்த மாதம், எத்தனை தடவை என்று எழுதுங்கள். "2022 அக்டோபர், டென்வர், கஞ்சா கலந்த ஜெல்லி மிட்டாய், ஒரு தடவை." இந்த அளவுக்கு. பரீட்சைக்கு முந்தின ராத்திரி அறைத்தோழன் நீட்டிய அடரால் மாத்திரையும் (கவனத்தைக் கூட்ட டாக்டர் எழுதித் தரும் ஊக்க மருந்து) இதில் சேரும். மருந்துச் சீட்டு அவன் பெயரில்தானே இருந்தது? பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

இரண்டாம் படி: எது எந்தப் பிரிவுக்குப் போகிறது என்று பிரியுங்கள். போதைப்பொருள் 23-ஆம் பிரிவு. கடந்த 7 ஆண்டுகளைக் கேட்கும். ஆனால் ஏற்கெனவே கிளியரன்ஸ் வைத்திருந்தபோது பயன்படுத்தியிருந்தால் காலக்கெடு கிடையாது. மது 24-ஆம் பிரிவு. நீங்கள் குடிப்பீர்களா என்று அது கேட்பதில்லை; குடியால் வேலை, குடும்பம், பணம் கெட்டதா, போலீஸ் வந்ததா என்றுதான் கேட்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு 10 வருடம் பழையதா? அப்போதும் தப்பாது. மது, போதை சம்பந்தமான குற்றச்சாட்டுகளை 22-ஆம் பிரிவு வருடக் கணக்கில்லாமல் கேட்கும், வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும் சரி.

மூன்றாம் படி: இன்றே நிறுத்துங்கள். "எங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி சரிதானே" என்ற வாதம் எடுபடாது. கிளியரன்ஸுக்கு மத்திய அரசின் சட்டம்தான் கணக்கு. 2021 டிசம்பரில் தேசிய உளவுத்துறை இயக்குநர் அனுப்பிய வழிகாட்டுதல், முன்பு கஞ்சா பயன்படுத்தியது மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது என்கிறது. இப்போதும் பயன்படுத்துபவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. விண்ணப்பித்த பிறகு "கடைசியாக ஒரு தடவை" என்று இழுத்தவருக்காக வாதாட எனக்கே வராது.

நான்காம் படி: உண்மையை எழுதுங்கள். 23-ஆம் பிரிவில் உண்மையாகச் சொன்ன பதிலை உங்கள்மேல் குற்ற வழக்கில் சாட்சியமாகப் பயன்படுத்த மாட்டோம் என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். தெரிந்தே பொய் எழுதினாலோ 5 ஆண்டு வரை சிறை. இனிமேலும் பயன்படுத்துவீர்களா என்றும் கேட்பார்கள். "பார்க்கலாம்" என்பது மிக மோசமான பதில். தொடமாட்டேன் என்று கையெழுத்திட்டுக் கொடுப்பதும், பழைய கூட்டத்தை விட்டு விலகியதும் உங்களுக்குச் சாதகம்.

அப்புறம் விசாரணை அதிகாரி நேரில் வருவார். அந்த வெள்ளைத் தாளை முந்தின நாள் ஒருமுறை படித்துவிடுங்கள், தேதிகள் மாறக்கூடாது. அதற்குப் பிறகும் ஆட்சேபக் காரணங்களோடு கடிதம் வந்தால் பதறாதீர்கள். ஒப்பந்த ஊழியருக்குப் பதில் எழுத 20 நாள் உண்டு. அந்தப் பதிலிலேயே நீதிபதி முன் விசாரணை வேண்டும் என்றும் கேட்டுவிடுங்கள்.