கூத்தன் கையில் வாள்: ஃபைட்டர் – பார்ட் பாத்திரம் கட்டுவது எப்படி?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகி ஆடும் மேசை விளையாட்டு. அந்த மேசைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் ஒதுக்கிவிடுகிற கிளாஸ் (பாத்திரத்தின் தொழில்) பார்ட், அதாவது பாட்டால் மந்திரம் போடுகிறவன். "பாட்டுக்காரன் சண்டையில என்னத்த வெட்டப் போறான்?" என்பார்கள். மட்டக்களப்பில் வளர்ந்தவர்கள் அப்படிக் கேட்கக் கூடாது. வடமோடிக் கூத்தில் ராசா வேஷம் கட்டியவர் கரப்புடுப்போடு ஆடுவார், தன் பாட்டைத் தானே படிப்பார், சண்டை தொடங்க முதல் தர்க்கத்திலேயே எதிராளியை வாயால் பாதி வெட்டிவிடுவார். அந்த ஆளைத்தான் காகிதத்தில் கட்டப் போகிறோம். ஒரு லெவல் (பாத்திரம் வளரும் படி) ஃபைட்டர் என்ற போர்வீரன், மீதி முழுக்க பார்ட்.

நான் எழுதுவது ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளுக்கு. 2024இல் திருத்திய பதிப்பு வந்துவிட்டது, அதில் சில இடங்கள் மாறும். புத்தகம் வாங்க வசதியில்லாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: அடிப்படை விதிகளின் எஸ்.ஆர்.டி. 5.1 என்ற தொகுப்பு 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசம். ஆனால் அதில் பார்டுக்கு லோர் என்ற ஒரு காலேஜ் (பார்டின் உட்பிரிவு) மட்டும்தான் உண்டு. நமக்கு வேண்டியது வேலர். அதற்கு மேசையில் யாராவது ஒருவரிடம் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற விதிப் புத்தகம் இருந்தால் போதும்.

படி 1: டி.எம்மிடம் கேளுங்கள்

மல்டிகிளாஸ், அதாவது ஒரே பாத்திரத்தில் இரண்டு கிளாஸைக் கலப்பது, விருப்ப விதி. உங்கள் டி.எம். (ஆட்டத்தை நடத்துபவர்) வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எல்லாம் எழுதி முடித்துவிட்டு மறுகா போய்க் கேட்டுச் சண்டை பிடிக்காதீர்கள்.

படி 2: எண்களைப் பங்கிடுங்கள்

15, 14, 13, 12, 10, 8 என்ற வழக்கமான ஆறு எண்களையே பாத்திரத்தின் ஆறு குணங்களுக்கு எடுங்கள். ஸ்ட்ரெங்த் (பலம்) 15, கரிஸ்மா (வசீகரம்) 14, கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி, சுருக்கமாகக் கான்) 13, விஸ்டம் (விவேகம்) 12, டெக்ஸ்டெரிட்டி (லாவகம், சுருக்கமாக டெக்ஸ்) 10, இன்டலிஜென்ஸ் (அறிவு) 8. இனம் ஹாஃப் எல்ஃப். அது கரிஸ்மாவுக்கு 2 கூட்டும், நீங்கள் விரும்பும் வேறு இரண்டுக்கு ஒவ்வொன்று கூட்டும். அந்த இரண்டையும் ஸ்ட்ரெங்துக்கும் கானுக்கும் கொடுங்கள். இப்போது ஸ்ட்ரெங்த் 16, கரிஸ்மா 16, கான் 14.

மல்டிகிளாஸுக்கு பார்ட் பக்கம் கரிஸ்மா 13 வேண்டும், ஃபைட்டர் பக்கம் ஸ்ட்ரெங்த் அல்லது டெக்ஸ் 13 வேண்டும். இரண்டும் தாராளமாக இருக்கிறது. இன்டலிஜென்ஸ் 8 என்று கவலைப்படாதீர்கள், ஏட்டுப் பாட்டு முழுவதும் மனப்பாடமாக இருக்கிறவனுக்குக் கணக்கு வராவிட்டால் என்ன?

படி 3: முதல் லெவல் ஃபைட்டர்

வரிசை முக்கியம். பலர் பார்டில் தொடங்கி நடுவில் ஃபைட்டருக்குத் தாவுவார்கள். அப்படித் தாவினால் கனமான கவசம் அணியும் தேர்ச்சி கிடைக்காது, ஏனென்றால் அது ஃபைட்டராகவே தொடங்குபவருக்கு மட்டும்தான். சேவிங் த்ரோ (ஆபத்திலிருந்து தப்பப் பகடை உருட்டுவது, சுருக்கமாகச் சேவ்) தேர்ச்சியும் முதல் கிளாஸிலிருந்துதான் வரும். ஃபைட்டரில் தொடங்கினால் ஸ்ட்ரெங்த், கான் இரண்டும் உங்களுடையவை.

அந்தக் கான் தேர்ச்சிக்காகத்தான் இந்த ஒரு லெவலையே எடுக்கிறோம். பார்டின் நல்ல மந்திரங்கள் பலவற்றுக்கு கான்சன்ட்ரேஷன், அதாவது கலையாத கவனம், தேவை. நடுவில் அடி விழுந்தால் கவனம் கலையாமலிருக்கக் கான் சேவ் போட வேண்டும். இலக்கு 10, அல்லது வாங்கிய அடியில் பாதி, எது பெரிதோ அது. முன்வரிசையில் நிற்கிறவனுக்கு அடி விழாமல் இருக்குமா? தேர்ச்சி இல்லாமல், கான் 14 தரும் +2 மட்டும் இருந்தால் 20 முகப் பகடையில் 10ஐ எட்டும் வாய்ப்பு 65 சதவீதம். தேர்ச்சியோடு +4 என்றால் 75. லெவல் 5இல் தேர்ச்சி எண் ஏறியதும் 80.

செயின் மெயில் என்ற கவசம் 16, கேடயம் 2, ஆக ஆர்மர் கிளாஸ் (உங்களை அடிக்க எதிராளியின் உருட்டல் எட்ட வேண்டிய எண்) 18. ஃபைட்டிங் ஸ்டைலில் டூவலிங் எடுங்கள், ஒற்றைக் கை வாளுக்கு அடியில் 2 கூடும். டிஃபென்ஸ் எடுத்தால் ஆர்மர் கிளாஸ் 19 ஆகும், அதிலும் தப்பில்லை. ஹிட் பொயிண்ட் (தாங்கக்கூடிய அடி) 12. செயின் மெயிலோடு பதுங்கிப் போவது கஷ்டம். போக வேண்டியதும் இல்லை, சலங்கை கட்டினவன் எங்கே பதுங்குவது!

படி 4: இரண்டாம் லெவலிலிருந்து பார்ட்

பார்டுக்குள் நுழையும்போது ஒரு திறமையும் ஓர் இசைக்கருவித் தேர்ச்சியும் கிடைக்கும். புத்தகத்தில் மத்தளம் இல்லை. டிரம் என்று எழுதிவிட்டு மேசையில் மத்தளம் என்று சொல்லுங்கள், எந்த டி.எம்மும் மறுக்க மாட்டார்.

இங்கேதான் புதியவர்கள் சிக்குகிற இடம். ஒரு கையில் வாள், மறுகையில் கேடயம். கையசைவு வேண்டும் மந்திரத்தை எந்தக் கையால் போடுவீர்கள்? கருவியை எங்கே பிடிப்பீர்கள்? இதற்கு வார் காஸ்டர் என்ற ஃபீட்டை (சிறப்புத் திறன்) எடு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அது அவசரமாகத் தெரியவில்லை. வாயால் மட்டும் போடக்கூடிய மந்திரங்களைப் பொறுக்கி எடுத்தால் பிரச்சினையே இல்லை. இந்த நான்கும் குரல் மட்டும் போதுமானவை:

- விஷஸ் மொக்கரி: ஏசினாலே அடி விழும் கேன்ட்ரிப் (எத்தனை தடவையும் போடக்கூடிய சிறு மந்திரம்). அடி 1டி4 (நான்கு முகப் பகடை ஒன்று) தான், ஆனால் எதிராளி தன் அடுத்த தாக்குதலை டிஸ்அட்வான்டேஜோடு (இரண்டு தடவை உருட்டிச் சிறியதை எடுப்பது) போட வேண்டும். தர்க்கப் பாட்டுப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மேசையில் கொண்டாட்டம்.
- ஹீலிங் வேர்ட்: 60 அடி தூரத்தில் விழுந்து கிடக்கிற கூட்டாளியை எழுப்பும். ஒரு சுற்றில் முக்கிய செயலுக்கு மேலே செய்யக்கூடிய போனஸ் ஆக்‌ஷன்.
- ஃபேரி ஃபயர்: 20 அடிச் சதுரத்துக்குள் தப்பாதவர்களைத் தாக்கும் எல்லாருக்கும் அட்வான்டேஜ் (இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுப்பது). கான்சன்ட்ரேஷன் வேண்டும்.
- டிசொனன்ட் விஸ்பர்ஸ்: 3டி6 அடி, அதோடு எதிராளி தன் பதில் செயலான ரியாக்‌ஷனைச் செலவழித்து ஓட வேண்டும். ஓடும்போது பக்கத்தில் நிற்கும் உங்கள் ஆட்கள் ஆளுக்கொரு வெட்டு வெட்டலாம்.

பார்ட் லெவல் 1இல் இரண்டு கேன்ட்ரிப்பும் நான்கு மந்திரமும் தெரிந்திருக்கும், ஸ்லொட் (மந்திரம் போடக் கிடைக்கும் தடவை) இரண்டுதான். மிச்ச இடத்தை உங்கள் ரசனைக்கு விடுகிறேன்.

படி 5: போனஸ் ஆக்‌ஷனை எண்ணிச் செலவழியுங்கள்

பார்டிக் இன்ஸ்பிரேஷன் (கூட்டாளி தன் உருட்டலில் சேர்க்க ஒரு கூடுதல் பகடை, அதாவது டைஸ், கொடுப்பது) போனஸ் ஆக்‌ஷன். ஹீலிங் வேர்டும் அதுவே. ஃபைட்டர் தன் அடியை ஆற்றிக்கொள்ளும் செகண்ட் விண்டும் அதுவே. ஒரு சுற்றுக்கு உங்களிடம் இருப்பதோ ஒன்று.

என் கணக்கு இது. முதல் சுற்றில் ஃபேரி ஃபயர், கூடவே உங்கள் கூட்டத்தில் பலமாக அடிப்பவருக்கு இன்ஸ்பிரேஷன் டைஸ். இன்ஸ்பிரேஷன் மந்திரம் அல்ல, ஆகவே இரண்டும் ஒரே சுற்றில் செல்லும். அடுத்த சுற்றிலிருந்து வாள், கூடவே இன்னொரு டைஸ். யாராவது விழுந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஹீலிங் வேர்ட். அந்தச் சுற்றில் வாளால் வெட்டலாம், ஆனால் கேன்ட்ரிப் தவிர வேறு மந்திரம் போட முடியாது. செகண்ட் விண்ட் கடைசிக்கு.

இன்ஸ்பிரேஷன் டைஸைச் சேர்த்து வைக்கிற பழக்கம் புதியவர்களுக்கு உண்டு. ஒரு நீண்ட ஓய்வுக்கு உங்களுக்கு மூன்று தடவை, கொடுத்த டைஸ் 10 நிமிடத்தில் காலாவதி. சண்டை முடிந்து கையில் மூன்றும் மிச்சமிருந்தால் நீங்கள் அன்று பாடவே இல்லை என்றுதான் அர்த்தம்.

படி 6: வேலர், பிறகு பொறுமை

பார்ட் லெவல் 3இல் காலேஜ் ஒஃப் வேலர். அது தரும் நடுத்தரக் கவசம், கேடயம், ஆயுதத் தேர்ச்சிகள் ஏற்கெனவே உங்களிடம் உண்டு, அவை வீண்தான். அதன் கொம்பாட் இன்ஸ்பிரேஷன் வீண் அல்ல. நீங்கள் கொடுத்த டைஸைக் கூட்டாளி அடியிலும் சேர்க்கலாம், தன் மேல் வரும் அடியைத் தடுக்க ஆர்மர் கிளாஸிலும் சேர்க்கலாம். அதே லெவலில் வரும் எக்ஸ்பர்டீஸில் (ஒரு திறமையின் தேர்ச்சி எண் இரட்டிப்பாவது) ஒன்றை உடல் பலத் திறமையான அத்லெடிக்ஸுக்குப் போடுங்கள். மொத்த லெவல் 4இல் அது +7. எதிராளியைத் தள்ளி விழுத்தினால் பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாருக்கும் அட்வான்டேஜ்.

பார்ட் லெவல் 4இல் கரிஸ்மாவை 18 ஆக்குங்கள், இன்ஸ்பிரேஷன் நான்கு தடவை ஆகும். பார்ட் லெவல் 5இல் டைஸ் டி8 ஆகி, குறுகிய ஓய்விலேயே திரும்பி வரும். அதுவரை சிக்கனம், அதன் பிறகு வாரி வழங்கலாம்.

மொத்த லெவல் 5இல் பக்கத்தில் இருக்கும் அசல் ஃபைட்டர் இரண்டு தடவை வெட்டத் தொடங்குவார். உங்களுக்கு எக்ஸ்ட்ரா அட்டாக் வருவது பார்ட் லெவல் 6இல், அதாவது மொத்த லெவல் 7இல். அந்த இரண்டு லெவல் கொஞ்சம் கைப்பாக இருக்கும். அந்த நேரத்தில் ஃபைட்டரில் இன்னும் நான்கு லெவல் போட ஆசை வரும். போடாதீர்கள். இரண்டு கிளாஸின் எக்ஸ்ட்ரா அட்டாக்கும் ஒன்றோடொன்று கூடாது, மந்திர ஸ்லொட்டும் ஃபைட்டர் லெவலால் ஏறாது. லெவல் 7இல் உங்களிடம் 54 ஹிட் பொயிண்ட், இரண்டு வெட்டு, மூன்றாம் நிலை ஸ்லொட் மூன்று இருக்கும்.

அதற்கு மேல் ஒரே ஒரு லெவல் ஃபைட்டர் எடுப்பதற்கு நியாயம் உண்டு: ஃபைட்டர் 2இல் ஒரு சுற்றில் இன்னொரு செயல் தரும் ஆக்‌ஷன் சர்ஜ். பார்ட் 6 முடிந்த பிறகு எடுங்கள், முன்னால் அல்ல.