நீரா, கடலா? சிங்கப்பூரில் எங்கே படிப்பது

முதலில் படிப்பின் பெயரைத் தள்ளிவைத்துவிட்டு, பாடப் பட்டியலை இறக்கி வாசியுங்கள். திரவ இயக்கவியல், நீரியல், சவ்வு வடிகட்டல், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று வந்தால் அது பொறியியல். புதுநீர் (கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நீர், NEWater) ஆலை, கடல்நீர்ச் சுத்திகரிப்பு, நீர்த்தேக்கம் போன்ற வேலைகளுக்கு அதுதான் வழி. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் இரண்டிலும் சுற்றுச்சூழல் பொறியியல் உண்டு. பவளப்பாறை, கடற்புல், மீன்வளம் பிடித்த பிள்ளைகள் இதில் சேர்ந்துவிட்டு, முதலாண்டுக் கணக்கிலேயே சோர்ந்துபோவார்கள். அவர்களுக்கு உயிரியல் அல்லது கடல் அறிவியல் பக்கம்தான் சரி. தேசியப் பல்கலைக்கழகத்துக்குச் செயின்ட் ஜான்ஸ் தீவில் கடல் ஆய்வுக்கூடமே இருக்கிறது.

சாதாரண நிலைத் தேர்வு (O-Level) முடித்தவர்கள் பட்டயப்படிப்புக்கு ரிப்பப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரியையும் பார்க்கலாம்.

கல்வி நிலையங்களின் பொது உபசரிப்பு நாளில் (Open House) விளம்பரக் கையேட்டை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். மூன்றே கேள்விகள்: களப்பணி எத்தனை நாள்? வேலைப்பயிற்சி எத்தனை மாதம், எந்த நிறுவனங்களில்? பட்டப்படிப்புக்குப் போனால் எந்தப் பாடங்களுக்கு விலக்குக் கிடைக்கும்? மழுப்பலாகப் பதில் வந்தால், மாணவர்களிடமே கேளுங்கள்.

வெளிநாட்டவரும் நிரந்தரவாசிகளும் அரசின் கட்டண மானியம் பெற்றால், படித்து முடித்தபின் 3 ஆண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தை வரிக்கு வரி படியுங்கள்.