புடவைப் படத்தில் கருநிறப் பட்டைகள்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மொத்தமாக எடுக்கும் காட்டன் புடவைகளை வீட்டிலிருந்தே இணையத்தில் விற்கிறேன். திடீரென்று படங்களில் குறுக்கே மங்கலான கருநிறப் பட்டைகள் வரத் தொடங்கின. “இது புடவையிலேயே இருக்கும் கோடா அக்கா?” என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். அது கோடே இல்லாத வெற்றுப் புடவை.

லென்ஸைத் துடைத்தேன். பின்னணித் துணியை மாற்றினேன். தங்கையின் போனில் எடுத்தபோது பட்டையின் அகலம் மாறியதே தவிர, பட்டை போகவில்லை.

காலையில் ஜன்னலோரம் எடுத்த படங்களில் மட்டும் பட்டையே இல்லை. எல்.இ.டி. டியூப் லைட்டைப் போட்டால் வந்துவிடுகிறது. அதைவிட விசித்திரம், போனைப் பக்கவாட்டில் திருப்பினால் பட்டையின் திசையும் கூடவே திரும்பியது! துணியில் உள்ள கோடு அப்படித் திரும்பாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று; ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை மங்குவதால், மலிவான எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. போன் கேமரா காட்சியை வரிவரியாகப் பதிவதால் அந்த மங்கல் பட்டையாக விழுகிறது.

கேமராவில் அமைப்புகளை நாமே மாற்றும் ‘புரோ’ பகுதியில், ஒவ்வொரு வரியும் ஒரு முழு மங்கல்-ஒளிர்வைப் பதியும்படி ஷட்டரை (ஒளியைப் பதியும் நேரத்தை) 1/100 நொடிக்கு வைத்தேன். பட்டைகள் மறைந்தன, அப்பாடா! வெளிச்சம் போதாவிட்டால் போனை ஸ்டாண்டில் நிறுத்தி 1/50 வைக்கிறேன். படம் வெளிறினால் ஐ.எஸ்.ஓ.வைத்தான் (கேமராவின் ஒளி உணர்திறனை) குறைக்க வேண்டும்; ஷட்டரை 1/250 பக்கம் கொண்டுபோனால் பட்டை திரும்ப வந்துவிடும்.