எட்டு கோர் இருந்தும் ஸ்கிரிப்ட் ஏன் வேகமெடுப்பதில்லை? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைத்தானில் எழுதிய கணக்கீடு முடிய ஒரு மணி நேரம் ஆகிறது. கம்ப்யூட்டரின் சிபியுவில் 8 கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) இருக்கிறது. 8 த்ரெட் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலை இழைகள்) போட்டால் ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஓட்டிப் பார்த்தால் அதே ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல்.

இதற்கு முதல் காரணம் ஜிஐஎல் (குளோபல் இன்டர்பிரிட்டர் லாக்) என்ற பூட்டு. நாம் வழக்கமாக நிறுவும் பைத்தானான சிபைத்தானில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் பைத்தான் கட்டளைகளை இயக்க முடியும். ஃபார் லூப்பில் எண்களைக் கூட்டிப் பெருக்கும் வேலையை எட்டாகப் பிரித்தாலும், ஒன்று ஓடும்போது மற்ற ஏழும் பூட்டுக்காகக் காத்திருக்கும். ஃபைல் இறக்குவது, சர்வர் பதிலுக்குக் காத்திருப்பது போன்ற வேலைகளுக்குத்தான் இந்த த்ரெட்டிங் பயன்படும். 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13-இல் பூட்டில்லாத பதிப்பு ஒன்று சோதனை முயற்சியாக வந்தது. 3.14-இல் அதற்கு அதிகாரபூர்வ ஆதரவும் கிடைத்துவிட்டது. ஆனால் அதைத் தேடித் தனியாக நிறுவ வேண்டும்; சாதாரணமாக நிறுவினால் பூட்டுள்ளதுதான் வரும்.

த்ரெட் பக்கம் போவதற்கு முன்னால் அந்த லூப்பை நம்பை (NumPy) என்ற கணக்கீட்டு லைப்ரரியின் அரேக்களாக, அதாவது எண் வரிசைகளாக, மாற்றி எழுதுங்கள். பல ஸ்கிரிப்ட்டுகளுக்கு அதுவே போதும். லூப்பாகவே இருந்தாக வேண்டிய கணக்கு என்றால் பைத்தான் கணக்கைக் கம்பைல் செய்து ஓட்டும் நம்பா (Numba) லைப்ரரியில், லூப்பைக் கோர்களுக்குப் பிரித்துத் தரும் பிரேஞ்ச் (prange) இருக்கிறது.

சரி, நம்பைக்கு மாறியாகிவிட்டது. என் பார்வையில் அதிகப் பேர் சிக்குவது இதற்கு அப்புறம்தான். மேட்ரிக்ஸ் பெருக்கலை நம்பை தானே செய்வதில்லை. ஓப்பன்பிளாஸ் (OpenBLAS) அல்லது எம்கேஎல் (MKL) என்ற மேட்ரிக்ஸ் கணக்கு லைப்ரரியிடம் விட்டுவிடுகிறது. அவை நம்மிடம் கேட்காமலே எல்லா கோர்களிலும் த்ரெட் ஓட்டுபவை. அது தெரியாமல் நாமும் பைத்தானின் மல்டிபிராசஸிங்கில் 8 பிராசஸ் (தனித்தனியாக ஓடும் புரோகிராம் பிரதிகள்) திறந்தால், ஒவ்வொன்றும் 8 த்ரெட் திறக்கும். ஆக 64 த்ரெட்டுகள் 8 கோருக்கு அடித்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் எல்லா கோரும் நூறு சதவீதம் காட்டும், வேலை மட்டும் நகராது. பிராசஸ்களாகப் பிரிப்பதென்றால் லைப்ரரியின் த்ரெட் எண்ணிக்கையை 1 என்று கட்டிப்போடுங்கள். அதற்கான சூழல் மாறிகளை (environment variables) நம்பையை இம்போர்ட் செய்வதற்கு முன்பே அமைத்துவிட வேண்டும். பிறகு அமைத்தால் பெரும்பாலும் பலன் இருக்காது. ஓடும்போதே மாற்ற வேண்டுமானால் த்ரெட்பூல்சிடிஎல் (threadpoolctl) என்ற லைப்ரரி உதவும்.

மேட்ரிக்ஸ் பெருக்கல் நன்றாகப் பிரியும் என்பதற்காக எல்லாக் கணக்கும் அப்படிப் பிரியும் என்று எண்ண வேண்டாம். இரண்டு பெரிய அரேக்களைக் கூட்டும்போது கோர் பெரும்பாலும் ரேமிலிருந்து தரவு வரும்வரை சும்மா இருக்கிறது. ஒரே குழாயடியில் எட்டுக் குடம் வைத்தால் தண்ணீர் வேகமாக வந்துவிடாது. சில த்ரெட்டுகளுக்கு மேல் வேகம் அப்படியே நின்றுவிடும்.

பிரிக்க முடியாத பகுதியும் உங்களை இழுத்துப் பிடிக்கும். 1967-இல் கம்ப்யூட்டர் வல்லுநர் ஜீன் ஆம்டால் முன்வைத்த வாதம் இது. வேலையில் 80 சதவீதத்தைப் பிரிக்கலாம் என்றால், 8 கோரில் அதிகபட்சம் 3.3 மடங்கு வேகம்தான் கிடைக்கும். எத்தனை கோர் வாங்கிப் போட்டாலும் 5 மடங்கைத் தாண்டாது. எனவே நேரம் எங்கே போகிறது என்று முதலில் புரொஃபைலரில் (எந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் கருவி) பாருங்கள்.

நேரத்தை அளக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். பைத்தானின் பிராசஸ் டைம் (process_time) எல்லா த்ரெட்டுகளின் சிபியு நேரத்தையும் கூட்டிச் சொல்லும். அதைப் பார்த்தால் முன்னேற்றமே இல்லாததுபோல் தோன்றும். கடிகார நேரத்தை அளக்கும் பெர்ஃப் கவுண்டரைப் (perf_counter) பயன்படுத்துங்கள். நம்பாவின் முதல் ஓட்டத்தில் கம்பைல் நேரமும் சேர்ந்திருக்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

கடைசியாக, வேகமாக ஓடித் தப்பான விடை தரும் ஒரு ரகம். ரேண்டம் எண்களை வைத்துச் செய்யும் மாண்டி கார்லோ கணக்கை ஃபோர்க் முறையில், அதாவது ஓடும் பிராசஸை அப்படியே நகலெடுத்து, பிராசஸ்களாகப் பிரித்தால், நம்பையின் பொது ரேண்டம் நிலை அப்படியே எல்லாவற்றுக்கும் நகலாகும். எட்டும் ஒரே எண்களை உருட்டும், எர்ரர் எதுவும் வராது. நம்பையின் சீட் சீக்வென்ஸில் (SeedSequence) உள்ள ஸ்பான் மூலம் ஒவ்வொரு பிராசஸுக்கும் தனி விதை (ரேண்டம் எண்களின் தொடக்க மதிப்பு) கொடுத்துவிடுங்கள்.