பூனையின் பிறாண்டும் அட்டை: இடம் தப்பினால் சோபா தப்பாது

சோபாவின் கைப்பிடி நார்நாராகத் தொங்கும். பூனை பிறாண்டுவதற்கென்றே வாங்கிய அட்டை உள்ளறையில் ஒரு கீறல்கூட விழாமல் புத்தம்புதிதாகக் கிடக்கும். புதிதாகப் பூனை வளர்ப்பவர்கள் வீட்டில் திரும்பத் திரும்ப இதே காட்சிதான். காரணம், நாம் செய்யும் இந்தத் தவறுகள்.

கண்ணில் படாத மூலையில் ஒளித்து வைப்பது

சோபாவைப் பாழாக்குவது பெரும்பாலும் இந்தத் தவறுதான். பழி மட்டும் பூனை மேல் விழுகிறது, அதுதான் எரிச்சல்.

பழைய நக உறையை உதிர்க்க மட்டும் பூனை பிறாண்டுவதில்லை. பாதத்தில் உள்ள சுரப்பிகளின் வாசனையையும் அங்கே பதிக்கிறது. வாசனையும் கீறலும் சேர்ந்து ‘இது என் இடம்’ என்று அறிவிக்கின்றன. ஆள் நடமாட்டமே இல்லாத மூலையில் அறிவிப்பு ஒட்டி என்ன பயன்? அதனால்தான் எல்லோரும் உட்காரும் சோபா, அறை வாசல், ஜன்னலோரம் என்று பூனை தேடிப் போகிறது. அழகு கெடுகிறதென்று பால்கனிக்குத் தள்ளிய அட்டை இருந்தும் இல்லாதது போலத்தான்.

ஏற்கெனவே பிறாண்டிய இடத்தை ஒட்டியே அட்டையை வையுங்கள். அதே நாளில் சோபாவின் அந்தப் பகுதியில் இருபக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டுங்கள். பாதத்தில் பிசுபிசுப்பு படுவது பூனைக்குப் பிடிக்காது. அட்டை வைக்காமல் டேப்பை மட்டும் ஒட்டினால் பூனை சோபாவின் மறுபக்கம் போய்விடும்.

பூனை தினமும் தானாக வந்து பிறாண்டி, சில வாரங்கள் ஆனபின் அட்டையை நகர்த்தலாம். அதுவும் நாளுக்கு நான்கைந்து செ.மீ. மட்டும். பழகிவிட்டதே என்று ஒரேயடியாக அடுத்த அறைக்கு மாற்றினால், பட்ட பாடெல்லாம் வீண்.

தூங்கும் இடத்தை மறப்பது

விழித்ததும் பூனை முன்கால் இரண்டையும் நீட்டும், நெஞ்சைத் தாழ்த்தி விரல்களை விரிக்கும், பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் நகத்தைப் பதித்து இழுக்கும். அந்த இழுப்புக்கு எட்டும் தூரத்தில் ஓர் அட்டை கிடக்கட்டும்.

நின்று கீறுகிறதா, தரையில் கீறுகிறதா என்று பார்க்காதது

சோபாவின் பக்கவாட்டை நின்றபடி கீறும் பூனைக்குத் தரையில் கிடக்கும் அட்டை போதாது. கயிறு சுற்றிய தூண் வேண்டும். வளர்ந்த பூனை முழு உடலையும் நீட்ட 80–90 செ.மீ. உயரம் தேவை. தரைவிரிப்பைக் கீறும் பூனைக்குத் தரையில் கிடக்கும் அட்டையே சரி.

வழுக்கும் தரையில் லேசான அட்டை ஒவ்வொரு இழுப்புக்கும் நகரும். தூண் ஒருமுறை தன்மேல் சாய்ந்தால் பூனை அந்தப் பக்கமே வராது. அட்டைக்கு அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள். தூணின் அடிப்பலகை அகலமாக, கனமாக இருக்க வேண்டும்.

வாஷிங் மெஷின் பக்கத்தில் வைப்பது

கூடாது. சத்தம்.

காலைப் பிடித்து அட்டையில் தேய்த்துக் காட்டுவது

பயம்தான் மிஞ்சும். கயிற்று பொம்மையை அட்டைமேல் இழுத்துக் காட்டுங்கள். பிடிக்கப் பாயும்போது நகம் தானாகப் பதியும்.

இரண்டு பூனைக்கு ஒரே அட்டை

ஒன்று மறித்து உட்கார்ந்தால் மற்றது சோபாவுக்குத்தான் போகும். தனித்தனி இடத்தில் வையுங்கள்.

கிழிந்ததும் தூக்கி எறிவது

கந்தலான அட்டையில்தான் பூனையின் வாசனை ஊறியிருக்கிறது. புதியதைப் பக்கத்தில் வைத்து, அதிலும் கீறல் விழுந்தபின் பழையதை எடுங்கள். பெருக்கும்போது புது அட்டையைச் சுற்றிப் பிறை வடிவில் மெல்லிய நக உறைகள் கிடந்தால், பூனை இடத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது.