மொட்டை மாடியில் 'ஹன்னா அண்ட் ஹெர் சிஸ்டர்ஸ்': படம் முடிந்ததும் பேச்சை நடத்துவது எப்படி

குடும்பத்துக்குள் நடக்கும் துரோகத்தைச் சொல்லும் படத்தைப் பத்துப் பேர் சேர்ந்து பார்த்தால், விளக்கைப் போட்ட ஐந்தாவது நிமிடம் பேச்சு பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். அதைப் படத்துக்குள்ளேயே பிடித்து வைப்பதுதான் நடத்துபவரின் வேலை. வுடி ஆலனின் இந்த 1986ஆம் ஆண்டுப் படத்தில் அக்கா ஹன்னாவின் கணவன் எலியட், மச்சினி லீயோடு தொடர்பு வைக்கிறான். யாரும் தண்டனை பெறாமலே படம் சிரிப்போடு முடிகிறது. கருத்து நிச்சயம் பிரியும்.

இங்கே சொல்வது வீட்டு நண்பர் கூட்டத்துக்கு. பொதுத் திரையிடல் என்றால் உரிமை வாங்க வேண்டும்.

படம் 1 மணி 47 நிமிடம். வேலூர் வெயிலில் காய்ந்த தளம் ஆற, மாலையிலேயே தண்ணீர் தெளித்துவிட்டு 7 மணிக்குத் தொடங்குங்கள். 9.30க்குப் பேச்சை முடித்தாக வேண்டும். காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் என்று ஆளுக்கொரு பக்கம் போகிறவர்கள். 12 பேருக்கு மேல் கூப்பிட்டால் பாதிப் பேர் வாயே திறக்க மாட்டார்கள். திரைக்கு வெள்ளை வேட்டி போதும், ஆனால் நான்கு மூலையையும் இழுத்துக் கட்டுங்கள். அடி விளிம்பு தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலை மறைக்கும், பின்னால் இருப்பவர்கள் பாதி வசனம் தெரியாமலே தீர்ப்புச் சொல்வார்கள்.

பாத்திரங்கள் நிறைய. அரைத்தாளில் தமிழில் எழுதிக் கையில் கொடுங்கள்: ஹன்னா, லீ, ஹாலி, மூவரும் சகோதரிகள். எலியட், ஹன்னாவின் கணவன். மிக்கி, அவளுடைய முன்னாள் கணவன். ஃபிரெடரிக், லீயோடு வாழும் வயதான ஓவியர். 'தேங்க்ஸ்கிவிங்' விருந்தைப் பொங்கலுக்கு எல்லோரும் ஊர் வந்து சேர்வதுபோல என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இப்படி மூன்று விருந்துகளைத் தூணாக நட்டுத்தான் கதை கட்டப்பட்டிருக்கிறது.

படம் முடிந்ததும் யாரையும் பேச விடாதீர்கள். துண்டுச் சீட்டு கொடுத்து, "யார் பக்கம் சாய்ந்தீர்கள், எந்தக் காட்சியில்?" என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். "பிடித்ததா?" என்று கேட்டால் ஆமாம், இல்லை என்பதோடு முடிந்துவிடும். சீட்டு இல்லாமல் தொடங்கினால் வயதில் மூத்தவர் முதலில் ஒன்று சொல்வார், மற்றவர்கள் "ஆமாங்க மாமா" என்று தலையாட்டிவிடுவார்கள். பெயர் சொல்லாமல் சீட்டுகளை நீங்களே படியுங்கள்.

பெரும்பாலும் எலியட்டில்தான் பற்றும். ஒரு தரப்பு அவனை அயோக்கியன் என்னும், இன்னொரு தரப்பு பாவம் என்னும். இரண்டுக்கும் காரணம் படத்திலேயே இருக்கிறது. தொடக்க விருந்திலேயே லீயைப் பார்த்து அவன் உருகுவது நமக்கு அவன் மனக்குரலாகக் கேட்கிறது. ஒருவன் நினைப்பதைக் கூடவே கேட்டுக்கொண்டிருந்தால் அவனை முழுதாக வெறுப்பது கஷ்டம். இதைச் சொல்லிவிட்டு, சகோதரிகள் மூவரும் ஹோட்டலில் சாப்பிடும் காட்சியைத் திரும்பப் போடுங்கள். கேமரா மேசையைச் சுற்றிச் சுற்றி வருகிறது. எழுதப் போகிறேன் என்று பணம் கேட்கிற ஹாலிக்கு ஹன்னா புத்தி சொல்கிறாள். கோபத்தில் லீ வெடிக்கிறாள், கண் கலங்குகிறாள். ஹன்னாவுக்குக் காரணம் தெரியாது, நமக்குத் தெரியும். "இப்போது ஹன்னா நல்லவளா, அதிகாரம் செய்பவளா?" என்று கேளுங்கள். எலியட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர்கள் அப்போதுதான் ஹன்னாவைப் பார்ப்பார்கள். இந்த ஒரு காட்சிக்கு 15 நிமிடம் ஒதுக்கினாலும் தகும்.

முடிவு பற்றிய சண்டையும் நல்ல சண்டை. எல்லாம் இவ்வளவு சுமுகமாக முடியலாமா என்பவர்களிடம், இயக்குநரே பின்னாளில் அப்படிக் குறைபட்டுக்கொண்டார் என்று சொல்லலாம். எதிர்த் தரப்பிடம், ஹன்னா சந்தேகப்பட்டுக் கேட்டபோது எலியட் மறுத்ததைச் சுட்டுங்கள். கடைசி விருந்தின் சந்தோஷத்துக்கு அடியில் அந்தப் பொய் அப்படியே கிடக்கிறது. மிக்கியின் நோய்ப் பயக் காமெடி தனிப்படம் போல் ஒட்டவில்லை என்று எப்படியும் ஒருவர் சொல்வார். அதை வெட்டினால், கடைசியில் மிக்கியை மணக்கும் ஹாலிக்கு என்ன மிஞ்சும் என்று திருப்பிக் கேளுங்கள்.

பேச்சு இரண்டு இடத்தில் தடம் மாறும். ஒன்று, இயக்குநரின் சர்ச்சைக்குள்ளான சொந்த வாழ்க்கை. அது பேசக்கூடாத விஷயமல்ல. ஆனால் ஆரம்பித்தால் படம் காணாமல் போகும், ஆகவே கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளுங்கள். இன்னொன்று, "எங்க சொந்தத்துல ஒருத்தர்..." என்று தொடங்கும் கதை. கூட்டத்தில் அவர்களைத் தெரிந்தவர் இருக்கலாம், மறுநாளே பேச்சு அந்த வீட்டுக்குப் போய்விடும். உடனே குறுக்கிட்டு "இது படத்துல எந்தக் காட்சி?" என்று கேட்டுவிடுங்கள்.

வாக்கெடுப்பு வேண்டாம். தோற்ற தரப்பு அடுத்த முறை வராது.